இயங்குதளம் மாறியபின் திணறிய விளையாட்டு: குளச்சல் அருகே ஒரு மடிக்கணினியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குளச்சலை அடுத்த கடலோரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவரின் மடிக்கணினியைப் பற்றியது இந்த ஆய்வு. தக்கலையில் நாங்கள் இருவர் நடத்தும் சிறிய பழுதுபார்க்கும் கடைக்கு 2025 நவம்பரில் அது வந்தது. மூன்று அமர்வுகளாக, ஏறத்தாழ இரண்டு வாரம் எங்களிடம் இருந்தது. அதில் முதல் வாரம் எங்கள் தவறால் வீணானது என்பதால்தான் இதை எழுதி வைக்கிறோம்.

கணினி 2017ஆம் ஆண்டு வகை. முன்பு ஒருவர் பயன்படுத்தியதை, வளைகுடாவில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பிய பணத்தில் நாகர்கோவிலில் வாங்கியிருந்தார்கள். இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், 128 ஜிபி எஸ்எஸ்டி, அதனுடன் 1 டிபி ஹார்ட் டிஸ்க். வரைகலைக்கு இரண்டு சிப்புகள்: செயலிக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 630 ஒன்று, தனியாக உள்ள என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 மற்றொன்று. அன்றாட வேலைகளை இன்டெல் சிப்பும், விளையாட்டு போன்ற கனமான வேலைகளை என்விடியா சிப்பும் பார்ப்பது இத்தகைய மடிக்கணினிகளின் ஏற்பாடு. இந்த நிகழ்வின் சிக்கல் முழுவதும் அந்த வேலைப் பிரிவினையைச் சுற்றியே அமைந்தது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்குப் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும் என்பதால் இக்கணினி அதற்குத் தகுதி பெறவில்லை. மாணவர் லினக்ஸ் மின்ட் 22.2 என்னும் இலவச இயங்குதளத்தைத் தாமே நிறுவிக்கொண்டார். எஸ்எஸ்டியை முழுவதுமாக அழித்து அதில் மின்ட்டை ஏற்றிய அவர், ஹார்ட் டிஸ்கை மட்டும் விண்டோஸ் காலத்தில் இருந்த என்டிஎஃப்எஸ் வடிவத்திலேயே விட்டுவைத்தார். அதில் சுமார் 130 ஜிபி அளவுக்கு விளையாட்டுகள் இருந்தன. வீட்டில் கைபேசி இணையம் மட்டுமே உண்டு. நாளொன்றுக்கு 2 ஜிபி என்ற கணக்கில் அவ்வளவையும் மறுபடி இறக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே அந்த முடிவை அப்போதைக்குக் குறை சொல்ல முடியாது.

அவர் விளையாடியவை முதன்மையாக இரண்டு. ஒன்று லாரி ஓட்டும் விளையாட்டான யூரோ டிரக் சிமுலேட்டர் 2. இதற்கு லினக்ஸுக்கென்றே ஆக்கப்பட்ட பதிப்பு உண்டு. மற்றொன்று கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5இன் கதைப் பகுதி. இது விண்டோஸ் பதிப்பாகவே புரோட்டான் என்னும் இடைப்பொருளின் வழியாக லினக்ஸில் ஓடுகிறது. அதன் இணையவழிப் பகுதி 2024 செப்டம்பர் முதல் லினக்ஸில் இயங்குவதில்லை. அது அவருக்குத் தேவையும் இல்லை.

கண்டவை

"அண்ணே, விண்டோஸ்ல நல்லா ஓடிட்டு இருந்தது. மாத்தின பொறவு விட்டு விட்டு ஓடுது" என்பதே அவர் சொன்ன முறையீடு. கடையில் திறந்து பார்த்தபோது லாரி விளையாட்டு நொடிக்கு 17 ஃபிரேம், அதாவது 17 படம், என்ற அளவில் திணறியது. வண்டி வளைவில் திரும்பும்போது சாலையோர மரங்கள் நகராமல், இடம்விட்டு இடம் தாவின. ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்பியதற்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் தாமதம் இருந்தது.

மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தோம். என்விடியாவின் இயக்கி (சிப்பை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருள்) தேர்ந்தெடுக்கப்பட்டதாகப் பச்சைப் புள்ளியுடன் காட்டியது. மாணவரும் அதை நிறுவியதாகவே சொன்னார். மின்ட்டை ஏற்றியவுடன் முதலில் நூவோ என்னும் திறமூல இயக்கிதான் இயங்கும். ஜிடிஎக்ஸ் 1050 போன்ற பாஸ்கல் வகைச் சிப்புகளின் கடிகார வேகத்தை நூவோவால் ஏற்ற முடியாது. அதற்கு வேண்டிய ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) என்விடியாவின் கையொப்பம் பெற்றதாக இருக்க வேண்டும் என்பதால், சிப் துவங்கும்போது இருக்கும் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். இதைப் படித்தறிந்து முறையான இயக்கிக்கு மாறியிருந்த மாணவரை நாங்கள் பாராட்டினோம். அத்துடன் இயக்கியைப் பற்றிய கேள்வியையும் மூடிவிட்டோம். எங்கள் முதல் தவறு அதுதான்.

முதல் அமர்வின் முடிவுகள்

இயக்கி சரியாக இருக்கிறது என்று நம்பியபின் மீதமுள்ளவற்றைத்தானே சந்தேகிக்க முடியும்? செயலியின் வேகக் கட்டுப்பாடு "பவர்சேவ்" என்றிருந்ததை "பெர்ஃபார்மன்ஸ்" என்று மாற்றினோம். முழுத்திரையில் ஓடும் நிரல்களுக்குத் திரைக் கலப்பை (சாளரங்களைச் சேர்த்து ஒரே படமாக்கும் வேலையை) நிறுத்தும் அமைப்பை மின்ட்டின் மேசைத்தளமான சின்னமனில் இயக்கினோம். புரோட்டானின் வேறு பதிப்பை வைத்தோம். விளையாட்டின் திரை அளவை 1080இலிருந்து 720க்கு இறக்கினோம். எல்லாம் ஒரே மாலையில், ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் அளந்து பார்க்காமல் நடந்தன.

லாரி விளையாட்டு 17இலிருந்து 26 ஃபிரேமுக்கு ஏறியது. சரியான பாதையில் போகிறோம் என்ற எண்ணத்தை அந்த 26 எங்களுக்குத் தந்தது. உண்மையில் அந்த ஏற்றம் திரை அளவைக் குறைத்ததால் மட்டுமே வந்தது. வரைய வேண்டிய புள்ளிகளைப் பாதிக்கும் கீழே குறைத்தால் எந்தச் சிப்பும் சற்று வேகமாகத்தான் வரையும். புரோட்டான் மாற்றத்துக்கு லினக்ஸ் பதிப்பாகவே ஓடும் லாரி விளையாட்டோடு எந்தத் தொடர்பும் கிடையாது. "பவர்சேவ்" என்ற பெயரும் ஆளை ஏமாற்றுவது. இப்போதைய இன்டெல் செயலிகளில் அந்தப் பெயருடைய அமைப்பு, தேவை வரும்போது வேகத்தை ஏற்றவே செய்யும். இவற்றையெல்லாம் நாங்கள் அறியாதவர்கள் அல்லர். அவசரத்தில் அறிந்ததைப் பயன்படுத்தவில்லை.

மாணவர் கணினியை எடுத்துச் சென்று, மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார். படம் மங்கலாகிவிட்டது, திணறல் அப்படியே இருக்கிறது என்றார்.

எந்தச் சிப் வரைகிறது

இரண்டாம் அமர்வில் வேறு கேள்வியிலிருந்து தொடங்கினோம். எத்தனை ஃபிரேம் வருகிறது என்பதை விட்டுவிட்டு, இந்தப் படத்தை உண்மையில் எந்தச் சிப் வரைகிறது என்று பார்த்தோம். மேங்கோஹட் என்னும் அளவீட்டு நிரலை விளையாட்டின்மேல் ஓட விடுவது எங்கள் வழக்கம். அதன் இயல்பான அமைப்பில் சிப்பின் பெயர் வராது. பெயரைக் காட்டும் விருப்பத்தைத் தனியாக இயக்க வேண்டும். இயக்கியவுடன் திரையின் மூலையில் இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 630 என்று வந்தது.

என்விடியாவின் நிலையைக் காட்டும் எஸ்எம்ஐ கட்டளையை முனையத்தில் இட்டபோது, இயக்கியுடன் தொடர்பு கொள்ள முடியவில்லை என்ற பதில் கிடைத்தது. இயக்கியைக் கையால் ஏற்ற முயன்றபோது, சாவி நிராகரிக்கப்பட்டது என்னும் பொருளுடைய பிழைச்செய்தி வந்தது. காரணம் அந்த ஒரு வரியில் இருந்தது.

செக்யூர் பூட் என்னும் துவக்கப் பாதுகாப்பு இயக்கத்தில் உள்ள கணினியில், இயங்குதளத்தின் கருவான கர்னல் தான் நம்பும் சாவியால் கையொப்பமிடப்பட்ட இயக்கிகளை மட்டுமே ஏற்றும். என்விடியா இயக்கியை மின்ட் அந்தக் கணினியிலேயே தொகுத்து, அங்கேயே உருவாக்கிய ஒரு சாவியால் கையொப்பமிடுகிறது. உரிமையாளர் கணினியின் முன் அமர்ந்து அந்தச் சாவியை ஒருமுறை ஒப்புக்கொண்டால்தான் அது நம்பகமான சாவிகளின் பட்டியலில் சேரும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்பதும், மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று தோன்றுவதும் இதற்காகவே. அந்தத் திரையில் முதலில் ஒளிர்ந்து நிற்கும் தெரிவு "துவக்கத்தைத் தொடர்க" என்பது. "சாவியைச் சேர்க்க" என்பது அதற்கு அடுத்த வரியில் இருக்கும். ஒன்றும் செய்யாமல் சில நொடிகள் விட்டாலும் துவக்கம் தானாகத் தொடர்ந்துவிடும். அடுத்த முறை அந்தத் திரை வராது.

மாணவரிடம் கேட்டோம். "ஆமாண்ணே, ஒரு நீலக் கலர் ஸ்க்ரீன் வந்தது. விண்டோஸ்ல வருமே, அந்த மாதிரி ஏதோ எரர்னு நெனச்சு என்டர் அடிச்சுட்டுப் போயிட்டேன்" என்றார். பல ஆண்டுகள் விண்டோஸின் நீலத் திரையைப் பார்த்துப் பழகிய எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

விளைவு இரட்டிப்பானது. என்விடியா இயக்கியை நிறுவும்போதே நூவோ தடைசெய்யப்பட்டுவிடுகிறது. புதிய இயக்கியைக் கர்னல் ஏற்க மறுத்ததால் என்விடியா சிப்புக்கு எந்த இயக்கியும் இல்லாமல் போனது. கணினி இன்டெல் சிப்பைக் கொண்டு ஒழுங்காகத் திறந்ததால் எங்கும் பிழை தென்படவில்லை. டிரைவர் மேனேஜரின் பச்சைப் புள்ளி, இயக்கி நிறுவப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொன்னது. இயங்குகிறதா என்பதை அது சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சாவியைச் சேர்த்தல்

இரண்டு வழிகள் இருந்தன. செக்யூர் பூட்டை நிறுத்திவிடுவது எளியது. ஐந்து நிமிட வேலை. ஆனால் அதை நிறுத்தும் இடமான பயாஸ் என்னும் கணினியின் அடிப்படை அமைப்புக்கு முந்தைய உரிமையாளர் கடவுச்சொல் இட்டிருந்தார். விற்றவரிடமும் அது இல்லை. துவக்க வரிசைப் பட்டியல் மட்டும் கடவுச்சொல் இல்லாமல் திறந்ததால்தான் மாணவரால் மின்ட்டை நிறுவ முடிந்தது. ஆகவே சாவியைச் சேர்க்கும் வழியே மிஞ்சியது. மாணவர் முன்பு இட்ட கடவுச்சொல்லை மறந்திருந்ததால், சாவியைச் சேர்க்கும் கோரிக்கையைப் புதிய கடவுச்சொல்லுடன் மறுபடி பதிவு செய்தோம். மறுதொடக்கத்தில் நீலத் திரை வந்தது. இம்முறை என்டர் விசையை அவரையே அழுத்தச் சொல்லி, இரண்டாம் வரிக்கு நகர்ந்து ஒப்புக்கொள்ள வைத்தோம். எஸ்எம்ஐ கட்டளை ஜிடிஎக்ஸ் 1050ஐயும் அதன் வெப்பநிலையையும் காட்டியது.

முதல் அமர்வில் செய்த மாற்றங்கள் அனைத்தையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டுச் சோதனையைத் தொடங்கினோம். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 24 ஃபிரேமுக்கு மேல் ஏறவில்லை. இயக்கியையே மறுபடி சந்தேகித்து அரை மணி நேரம் கழிந்தது. அன்று காலையிலிருந்து வடகிழக்குப் பருவமழை. கரண்ட் போய் வெகுநேரமாகியிருந்தது. கடையின் இன்வெர்ட்டர் விளக்குகளுக்கும் பில் போடும் கணினிக்கும் மட்டுமே இணைக்கப்பட்டது. மடிக்கணினியின் சார்ஜரில் விளக்கு எரியவில்லை என்பதை என் கூட்டாளிதான் கவனித்தார். பேட்டரியில் ஓடும்போது இத்தகைய மடிக்கணினிகள் வரைகலைச் சிப்புக்குக் கிடைக்கும் மின்திறனைக் குறைத்துவிடும். மாலை கரண்ட் வந்தபின் அதே இடத்தில், அதே அமைப்பில் 55 ஃபிரேம் வந்தது. மாணவரின் வீட்டிலும் மின்தடை நேரத்தில் விளையாடுவது உண்டு என்று பின்னர் தெரிந்தது. அவர் தந்த முதல் விவரங்களில் ஒரு பகுதி அந்த நேரத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம்.

ஒரு விளையாட்டு மட்டும் திருந்தியது

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ சரியானபின் லாரி விளையாட்டைத் திறந்தோம். அது முன்போலவே 17 ஃபிரேமில் நின்றது. லினக்ஸுக்கென்றே செய்த பதிப்பு திணறுகிறது, இடைப்பொருள் வழியாக ஓடும் விண்டோஸ் பதிப்பு சீராக ஓடுகிறது. கேட்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும் இந்த நிலைக்குக் காரணம் எளியது.

இயக்கி "ஆன் டிமாண்ட்" என்னும் முறையில் இருந்தது. இம்முறையில் திரையை இன்டெல் நடத்தும். என்விடியா தயாராக நிற்கும், கேட்பவருக்கு மட்டும் வேலை செய்யும். புரோட்டானுக்குள், விண்டோஸின் வரைகலை முறையான டைரக்ட்3டி 11இன் அழைப்புகளை லினக்ஸிலும் உள்ள வல்கன் முறைக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே, கணினியில் தனி வரைகலைச் சிப் இருந்தால் அதையே முதலில் தேர்ந்தெடுக்கும். ஓபன்ஜிஎல் என்னும் மற்றொரு வரைகலை முறையைக் கொண்டு வரையும் நிரல்களோ, வேறாகச் சொல்லாதவரை, திரையை நடத்தும் சிப்பிடமே போகும். லாரி விளையாட்டின் லினக்ஸ் பதிப்பு ஓபன்ஜிஎல் வகை. என்விடியாவை யாரும் அதற்காகக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் என்விடியாவுக்கே மாற்றும் "பெர்ஃபார்மன்ஸ்" முறை இருக்கிறது. அதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மாணவர் இக்கணினியைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று பேட்டரியில் நிரல் எழுதுபவர். என்விடியா எப்போதும் விழித்திருந்தால் ஏற்கெனவே தளர்ந்த அந்த பேட்டரி இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் விளையாட்டுகளை இறக்கித் திறக்கும் நிரலான ஸ்டீமில் அந்த விளையாட்டின் தொடக்க விருப்பங்களில் மட்டும், என்விடியாவில் வரையுமாறு சொல்லும் இரு சூழல் மாறிகளைச் சேர்த்தோம். லாரி 1080 அளவில் 50 ஃபிரேமுக்கு மேல் ஓடியது. மரங்கள் தாவுவது நின்றது.

மீந்திருந்த விக்கல்

சராசரி எண்ணிக்கை 55 என்று காட்டினாலும், நகரத்துக்குள் காரை வேகமாக ஓட்டும்போது சில நொடிகளுக்கு ஒருமுறை படம் ஒரு கணம் உறைந்தது. சராசரியை வைத்து இதைப் பிடிக்க முடியாது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி, ஒரே ஒரு ஃபிரேம் 200 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் சராசரி சற்றே குறையும், கண்ணோ அதை அடி விழுந்ததுபோல உணரும். மேங்கோஹட்டின் ஃபிரேம் நேரக் கோட்டில் சமதரையின் நடுவே பனைமரங்கள்போல முனைகள் எழுந்தன.

அவற்றில் ஒரு பகுதி ஷேடர்கள் (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்கள்) முதல்முறை தொகுக்கப்படுவதால் வருவது. விளையாட்டுக்கு முன் ஸ்டீம் வல்கன் ஷேடர்களைத் தயாரிக்கும் சிறு சாளரத்தை மாணவர் ஒவ்வொரு முறையும் தாண்டிச் சென்றிருந்தார். காத்திருக்கச் சொன்னோம், அவ்வளவே. மற்றதுதான் கடினமானது. முனை எழும்போதெல்லாம் கணினிக் கண்காணிப்பில் மவுன்ட் என்டிஎஃப்எஸ் என்ற செயல் ஒரு செயலி மையம் முழுவதையும் விழுங்கியது. மொத்தமே நான்கு மையங்கள் உள்ள செயலியில் அது கால் பங்கு. இணையத்தில் கண்ட ஒரு குறிப்பைப் பின்பற்றி, பழைய ஹார்ட் டிஸ்கை என்டிஎஃப்எஸ்-3ஜி வழியாக இணைத்திருந்தார் மாணவர். அது கர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாக ஓடுவது. ஆவணங்களைப் படிக்க அது போதும். ஓட்டுபவரின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஊரையே வட்டிலிருந்து எடுத்துத் தர வேண்டிய விளையாட்டுக்கு அது போதவில்லை.

கர்னலுக்குள் இயங்கும் என்டிஎஃப்எஸ் இயக்கிக்கு மாறுவது ஒரு வழி, 5.15 பதிப்பிலிருந்து அது உண்டு. ஆயினும் புரோட்டானின் கோப்புகளை என்டிஎஃப்எஸ் வட்டில் வைப்பது வேறு தொல்லைகளையும் தரும் என்பதாலும், விண்டோஸுக்குத் திரும்பும் எண்ணம் மாணவருக்கு இல்லை என்பதாலும், வட்டையே லினக்ஸுக்குரிய ஈஎக்ஸ்டி4 வடிவுக்கு மாற்ற முடிவு செய்தோம். கடையின் வெளி ஹார்ட் டிஸ்கில் 130 ஜிபியையும் படியெடுத்து, வட்டை வடிவமைத்து, திரும்ப ஏற்றப் போகவர ஒரு பிற்பகல் பிடித்தது. ஸ்டீமின் கோப்புச் சரிபார்ப்பை ஓட்டியபோது எதையும் மறுபடி இறக்கச் சொல்லவில்லை. அதுவரை மாணவர் கைபேசியின் டேட்டா அளவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெப்பம்

மூன்றாம் அமர்வு இதற்கானது. இருபது நிமிடம் சீராக ஓடியபின் வேகம் படிப்படியாகக் குறைந்தது. செயலி 95 டிகிரி செல்சியஸைத் தொட்டு, 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடியது 1.8க்கு இறங்கியது. பின்மூடியைக் கழற்றினோம். விசிறிக்கும் வெப்பக் கடத்தித் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளித் துண்டுபோல ஒட்டியிருந்தது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களின் கணினிகளில் தூசி ஊதினால் பறக்கும். கடலோரக் கணினிகளில் உப்பு ஈரம் அதைப் படிய வைத்துவிடுகிறது. சாமணத்தால் உரித்தெடுக்க வேண்டியிருந்தது. தகடுகளின் ஓரத்தில் வெண்பச்சைப் பூப்பும் தொடங்கியிருந்தது. துப்புரவு செய்து வெப்பக் களிம்பை மாற்றியபின் அதே சோதனையில் 81 டிகிரிக்கு மேல் போகவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். விண்டோஸிலும் கொஞ்ச நேரம் போனால் வேகம் குறைந்ததுண்டு, அதை விளையாட்டின் குணம் என்று விட்டுவிட்டேன் என்று மாணவர் இப்போது நினைவுகூர்ந்தார். ஆக, "மாத்தின பொறவு" வந்ததாக எண்ணிய குறைகளில் ஒன்று மாற்றத்துக்கு முன்பே இருந்தது. இயங்குதளம் மாறியதால்தான் அவர் உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

பின்விளைவு

ஒரு மாதம் கழித்து மாணவர் கடைக்கு வந்தபோது இரு விளையாட்டுகளும் மின் இணைப்பில் 50க்குக் குறையாமல் ஓடுவதாகச் சொன்னார். இடையில் கர்னல் புதுப்பிக்கப்பட்டும் இயக்கி நிலைத்திருந்தது. புதிய தொகுப்பும் ஒப்புக்கொண்ட அதே சாவியால் கையொப்பமாவதால் நீலத் திரை மறுபடி வரவில்லை. நெடுஞ்சாலையில் மிக வேகமாகப் போகும்போது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவில் எப்போதாவது ஒரு விக்கல் இன்னும் உண்டு. அது சுழலும் வட்டின் எல்லை. விளையாட்டுகளை இன்னும் பெரிய எஸ்எஸ்டி ஒன்றுக்கு மாற்றினால் தீரும். அதற்கான பணம் இப்போது இல்லை என்றார், நாங்களும் வற்புறுத்தவில்லை.

இனி மாற்றிக்கொள்பவை

விளையாட்டுத் திணறல் என்று வரும் கணினியில், எந்த அமைப்பையும் தொடுமுன் எந்தச் சிப் வரைகிறது என்பதைப் பெயருடன் பார்த்து வேலைச் சீட்டில் எழுதுகிறோம். சார்ஜர் இணைந்திருந்ததா என்பதற்கும் அதே சீட்டில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். ஒரு மாற்றத்துக்குப்பின் அதே இடத்தில், அதே அளவு நேரம் ஓட்டி அளந்த பிறகே அடுத்த மாற்றம். இது மெதுவானதாகத் தோன்றும். முதல் அமர்வில் இழந்த ஒரு வாரத்தோடு ஒப்பிட்டால் அப்படியல்ல.

மின்ட்டை நிறுவித் தரச் சொல்லி வருபவர்களுக்கு நீலத் திரையின் படத்தைக் கைபேசியில் முன்கூட்டியே காட்டுகிறோம். பழைய கணினி வாங்கப் போகிறவர்கள் கேட்டால், பணம் கொடுக்குமுன் பயாஸ் அமைப்பைத் திறந்து பார்க்கச் சொல்கிறோம். விண்டோஸ் 10க்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதையும் சொல்கிறோம். இந்த மாணவர் அதை அறிந்திருந்தால் பருவத் தேர்வுக்கு நடுவே இயங்குதளத்தை மாற்றியிருக்க மாட்டார்.

இக்கணினிக்கென்று ஒரு குறிப்பும் உண்டு. பாஸ்கல் வகைச் சிப்புகளை ஆதரிக்கும் கடைசி என்விடியா இயக்கித் தொடர் 580. அதற்கு மேற்பட்ட தொடரை யார் பரிந்துரைத்தாலும் ஏற்றக்கூடாது என்று தாளில் எழுதி, மடிக்கணினியின் அடிப்புறத்தில், துப்புரவு செய்த தேதிக்குக் கீழே ஒட்டி அனுப்பினோம்.